மெல்லிய தகடும் வளரும் வெடிப்பும்

ஒரு பொருள் உறுதியானதா என்று வினவுவோர், அது எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று கேட்பதே வழக்கம். அப்பொருளில் ஒரு வெடிப்பு விழுந்தபின் அது எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று கேட்பவர் மிகச் சிலர். முதல் வினா மிகப் பழையது. கோபுரம் எழுப்பிய சிற்பியும், வள்ளம் கட்டிய தச்சனும் அனுபவத்தினால் அதற்கு விடை கண்டனர். இரண்டாவது வினாவோ பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. அதற்கு உரிய விடை தெரியாதிருந்த காலத்தில் மனிதர் பலர் நடுவானில் உயிர் துறந்தனர். விடை தெரிந்தமையாலேயே இன்று எண்ணற்றோர் கடல் கடந்து சென்று சுகமாய்த் திரும்புகின்றனர். ஆதலின் மெல்லிய உலோகத் தகட்டில் வெடிப்பு எவ்வாறு வளருகின்றது, அதனைத் தகடு எவ்வாறு எதிர்க்கின்றது, அவ்வெதிர்ப்பை எவ்வாறு அளந்து வருவதை முன்கூட்டி உரைக்கின்றனர் என்பன யாவரும் அறிந்துகொள்ளத் தக்கனவாகும்.

மன்னார்த் தீவின் வடகரையில், மன்னார் நகருக்கும் தலைமன்னாருக்கும் இடையே அமைந்திருப்பது பேசாலை என்னும் கடற்றொழிலாளர் ஊர். அங்கே தகரக் கூரையிட்ட வீடுகளும் வாடிகளும் உள்ளன. ஆண்டின் ஒரு பகுதியில் வாடையும், மற்றொரு பகுதியில் சோளகமும் வீசும். காற்றுக் கூரையை மேலிருந்து அழுத்துகிறது என்றே பலர் எண்ணுவர். உண்மையில், கூரையின் மேலாக விரைந்து செல்லும் காற்றுத் தகரத்தைப் பெரும்பாலும் மேல்நோக்கி உறிஞ்சி இழுக்கிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் தகரம் சிறிது எழும்பும்; வீச்சுத் தணிந்ததும் அமரும். அதனைக் கீழே பிடித்து வைத்திருப்பது ஆணி ஒன்றுதான். ஆகவே எழும்பி அமரும் ஒவ்வொரு முறையும் ஆணித் துளையின் விளிம்பு வளைந்து நிமிர்கிறது. பல ஆண்டு கழிந்த தகரத்தைக் கழற்றி ஒளியை நோக்கிப் பிடித்தால், சில துளைகளைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்புகள் கிளைத்திருப்பதைக் காணலாம். துருவின் நிறம் அவற்றை மறைத்துவிடுவதால் கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அவை எளிதில் தோன்றா.

இத்தகைய வெடிப்பை விளங்கிக்கொள்வதற்குப் புடைவைக் கடைக்குச் சென்றாலே போதும். கடைக்காரர் துணியை முழுவதும் கத்தரிப்பதில்லை. ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு சிறு வெட்டு இடுகிறார். பின்பு இரு கையாலும் பற்றி இழுக்கிறார். வெட்டில்லாத துணியை அவ்வாறு இழுத்துக் கிழிப்பது எளிதன்று. வெட்டு விழுந்தவுடன் கைகளின் வலிமை முழுவதும் வெட்டின் முனையிலுள்ள ஓரிரு நூல்களின்மேல் வந்து குவிகிறது. அவை அறுந்ததும் அடுத்த நூல்களின்மேல் அது பாய்கிறது. உலோகத் தகட்டிலும் நிகழ்வது இதுவேயாகும். அலகு பரப்பின்மேல் தாங்கப்படும் விசையைத் தகைப்பு என்பர். தகட்டின் ஏனைய இடங்களில் தகைப்புக் குறைவாயிருப்பினும், வெடிப்பின் முனையில் அது பன்மடங்காகத் திரண்டு நிற்கும்.

எத்தனை மடங்கு என்பதை 1913 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் இங்கிலிஸ் கணித்துக் காட்டினார். கப்பலின் மேற்றளத்தில் இடப்படும் திறப்புகளின் மூலைகளிலிருந்து வெடிப்புகள் புறப்படுவது அக்காலத்துக் கப்பற் பொறியியலாளரை வருத்திய சிக்கலாகும். அகன்ற தகடொன்றில் வட்டமான துளை இருந்தால், அதன் விளிம்பிலே தகைப்பு மூன்று மடங்காகிறது என்று அவருடைய கணக்குக் கூறிற்று. துளை நீள்வட்டமாகி, இழுப்புக்குக் குறுக்கே கிடக்கும் அதன் நீளம் அகலத்தைப்போலப் பத்து மடங்கானால், முனையில் தகைப்பு இருபத்தொரு மடங்காகும். துளை எவ்வளவுக்குக் கூர்மையடைகிறதோ அவ்வளவுக்குத் தகைப்பும் ஏறும்.

இங்கே ஒரு புதிர் தோன்றுகிறது. வெடிப்பின் முனை மிகமிகக் கூரியது. கணக்கின்படி அங்கே தகைப்பு எல்லையின்றி உயரவேண்டும். சிறு வெடிப்புள்ள எந்தப் பொருளும் தொட்டவுடன் உடையவேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லையே, ஏன்? இப்புதிரை விடுவித்தவர், இங்கிலாந்தில் பார்ண்பரோ என்னும் இடத்திலிருந்த அரச விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஏ. ஏ. கிரிபித் என்பவர். 1920 இல் அவர் சமர்ப்பித்த ஆராய்ச்சியில் தகைப்பைப் பற்றிய விசாரணையை விடுத்து, சத்தியின் வரவு செலவைக் கணக்கிட்டார். இழுக்கப்பட்ட தகடு, இழுக்கப்பட்ட வில்லைப்போலத் தன்னுள் சத்தியைச் சேமித்து வைத்திருக்கிறது. வெடிப்பு வளரும்போது அதன் இரு பக்கத்தும் உள்ள பகுதி தளர்ந்து, சேமித்த சத்தியை விடுவிக்கிறது, இது வரவு. புதிய இரு பரப்புகளை உண்டாக்குவதற்குச் சத்தி தேவைப்படுகிறது, இது செலவு. வெடிப்பின் நீளம் இரட்டித்தால் செலவும் இரட்டிக்கும். வரவோ நான்கு மடங்காகும். ஆகையால் வெடிப்புக் குறுகியதாயிருக்கும்வரை செலவு வரவை விஞ்சி நிற்க, வெடிப்பு அசையாது கிடக்கும். ஒரு குறிப்பிட்ட நீளத்தைக் கடந்ததும் வரவு செலவை விஞ்சிவிடுகிறது. அதன்பின் வெடிப்புக்கு வெளியார் உதவி வேண்டுவதில்லை, தானாகவே ஓடும்.

இக்கணக்கிலிருந்து பிறந்த விதி எளிமையானது. வெடிப்பின் நீளம் நான்கு மடங்கானால், அதனைத் தாங்கும் தகைப்புப் பாதியாகும். பதினாறு மடங்கானால் காற்பங்காகும். கிரிபித் தம் சோதனைகளைக் கண்ணாடியிற் செய்தார். கண்ணாடிக்கு இவ்விதி நன்கு பொருந்திற்று. உலோகத்துக்கோ இது நேராகப் பொருந்தவில்லை. காரணம், உலோகம் கண்ணாடியைப்போல வெறுமனே பிளப்பதில்லை. வெடிப்பின் முனையிலுள்ள உலோகம் முதலில் இளகி நீளுகிறது. அவ்வாறு நீளுவதற்குச் செலவாகும் சத்தி, புதிய பரப்பை ஆக்கும் சத்தியினும் பல்லாயிரம் மடங்கு பெரிதாயிருக்கலாம். அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ஜோர்ஜ் ஏர்வின் இச்செலவையும் கணக்கிற் சேர்த்துக்கொண்டார். 1957 இல் அவர், வெடிப்பு முனையின் நிலையை ஒரே எண்ணாற் குறிக்கும் முறையொன்றையும் வகுத்தார். தகைப்பும் வெடிப்பின் நீளத்தினது வர்க்கமூலமும் சேர்ந்து உண்டாகும் அவ்வெண், தகைப்புச் செறிவுக் காரணி எனப் பெயர்பெற்றது. வெடிப்பை ஓட்டும் விசைக்கு அதுவே அளவுகோலாயிற்று.

அறிஞர் சிலரின் ஆய்வுச்சாலைப் பொருளாயிருந்த இச்செய்தியை உலகத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தியது கொமெற் என்னும் விமானத்தின் வரலாறு. 1952 மே 2 ஆம் நாள், தாரை விமானத்தில் பயணிகளை ஏற்றிச் செல்லும் உலகின் முதலாவது ஒழுங்கான சேவை இலண்டனிலிருந்து ஜொகனஸ்பேர்க்குக்குத் தொடங்கிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் கொழும்புக்கும் கொமெற் சேவை விரிந்தது. இலண்டனையும் இலங்கையையும் ஒரு நாளுக்குள் இணைத்த அவ்விமானம் அக்காலத்தோர்க்குப் பெரும் வியப்பாயிருந்தது. மெல்லிய காற்றுள்ள பெரும் உயரத்திற் பறந்ததால், பயணிகள் மூச்சுவிடும் பொருட்டு அதன் அறையினுள் காற்றை அமுக்கி நிரப்பவேண்டியிருந்தது. ஒவ்வொரு சதுர மீற்றர்ப் பரப்பின்மேலும் ஐந்தரைத் தொன்னுக்கு அதிகமான விசை உள்ளிருந்து வெளியே தள்ளிற்று. அதனைத் தாங்கி நின்ற அலுமினியக் கலப்புலோகத் தோலின் தடிப்போ, பல இடங்களில் ஒரு மில்லிமீற்றரிலும் குறைவு.

1954 ஜனவரி 10 ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குச் சென்ற கொமெற் ஒன்று றோமாபுரியை விட்டுப் புறப்பட்ட சிறிது நேரத்தில் எல்பாத் தீவுக்கருகே கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். அத்தீவின் மீனவரே முதலில் தம் படகுகளிற் சென்று, மிதந்த உடல்களைக் கரைசேர்த்தவர்கள். சில வாரம் நிறுத்தப்பட்டிருந்த சேவை மீண்டும் தொடங்கிற்று. ஏப்ரல் 8 ஆம் நாள், றோமிலிருந்து கெய்ரோ சென்ற மற்றொரு கொமெற் நேப்பிள்சுக்குத் தெற்கே கடலில் மறைந்தது. 21 பேர் இறந்தனர். அத்துடன் கொமெற் விமானங்கள் யாவும் தரையிறக்கப்பட்டன. பிரித்தானியக் கடற்படை எல்பாவின் கடலடியிலிருந்து சிதைவுகளை அரித்தெடுத்தது. அவை கிரிபித் முன்னர்ப் பணியாற்றிய அதே பார்ண்பரோ நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

அந்நிலையத்தின் தலைவர் ஆர்னல்ட் ஹோல் என்பவரின் வழிகாட்டலில், முழுக் கொமெற் விமானம் ஒன்று பெரிய நீர்த்தொட்டியினுள் அமிழ்த்தப்பட்டது. சிறகுகள் மாத்திரம் வெளியே நீண்டிருந்தன. விமானத்தினுள்ளும் நீரை நிரப்பி, அதனை அமுக்கியும் தளர்த்தியும் பறப்பின் ஏற்ற இறக்கத்தைப் போலச் செய்தனர். காற்றுக்குப் பதிலாக நீரைப் பயன்படுத்தியது ஏன்? அமுக்கப்பட்ட காற்று, தோல் கிழிந்தவுடன் குண்டைப்போல வெடித்து யாவற்றையும் சிதறடித்துவிடும். நீரோ அமுக்கத்துக்கு இடங்கொடாத பொருள். சிறிது கசிந்ததும் அதன் அமுக்கம் தணிந்துவிடும். ஆகவே கிழிந்த இடம் கிழிந்தபடியே நிற்கும். ஆராய்பவர் அதனைக் கண்டு படிக்கலாம். அவ்விமானம் ஏலவே ஏறத்தாழ 1,230 முறை பறந்திருந்தது. தொட்டியில் மேலும் ஏறத்தாழ 1,830 சுற்றுகள் கழிந்தபோது, அவசர வழிச் சாளரமொன்றின் மூலையிலிருந்து தோல் கிழிந்தது. கடலடியிலிருந்து மீட்கப்பட்ட சிதைவிலும், கூரையிலிருந்த ஒரு சாளரத்தின் மூலையில் அத்தகைய வெடிப்பின் தடயம் காணப்பட்டது. மீண்டும் மீண்டும் ஏறி இறங்கும் தகைப்பினால் உலோகம் தளர்வதை உலோகக் களைப்பு என்பர். கொமெற்றைக் கொன்றது அதுவே.

இவ்வரலாற்றில் இன்னொரு பாடமும் அடங்கியுள்ளது. விமானத்தை ஆக்கியோர் கவலையீனமாக இருந்தவர் அல்லர். அறையின் ஒரு பகுதியை அவர்கள் முன்னரே சோதித்தபோது, அது ஏறத்தாழ 18,000 முறை அமுக்கத்தைத் தாங்கியது. பறந்த விமானங்களோ ஏறத்தாழ 1,290 பறப்பிலும் 900 பறப்பிலும் உடைந்தன. வேறுபாடு எங்கிருந்து வந்தது? சோதிக்கப்பட்ட பகுதி, அதற்கு முன்னர், வழமையான அமுக்கத்தைப்போல இருமடங்கு அமுக்கத்துக்கு உட்படுத்தப்பட்டிருந்தது. அப்பெரும் அமுக்கத்தில் சாளர மூலைகளின் உலோகம் இளகி நீண்டது. அமுக்கம் நீங்கியபின் சுற்றியிருந்த பகுதி அதனை நெருக்கிப் பிடித்துக்கொண்டது. நெருக்குண்ட உலோகத்தில் வெடிப்பு எளிதிற் பிறவாது. வலிமையைக் காட்டுவதற்குச் செய்த முதற் சோதனையே ஆயுளை அளக்கச் செய்த இரண்டாவது சோதனையைப் பொய்யாக்கிவிட்டது. அளவையானது அளக்கப்படும் பொருளின் உண்மை நிலையைப் பிரதிபலிக்க வேண்டும் என்னும் நெறியை இது கடுமையாய்ப் புகட்டிற்று.

இனி, வெடிப்பு விழுந்த தகட்டின் எதிர்ப்பை அளக்கும் முறையைப் பார்க்கலாம். தடித்த உலோகமே வெடிப்பை நன்கு எதிர்க்கும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை பெரும்பாலும் அதற்கு மாறானது. தடித்த தகட்டின் நடுவிலுள்ள உலோகம் நாற்புறமும் அயல் உலோகத்தாற் கட்டுண்டு கிடக்கிறது. இளகி நீள அதற்கு இடமில்லை. ஆதலின் அது திடீரெனப் பிளக்கிறது. மெல்லிய தகட்டிலோ முனையிலுள்ள உலோகம் தடிப்புத் திசையிலே தாராளமாய்ச் சுருங்கலாம். அது குழிந்து இளகுகிறது. சத்தியைப் பெருமளவில் விழுங்குகிறது. இறுதியில் ஏறத்தாழ 45 பாகை சரிவாகக் கிழிகிறது. கிழிந்த தகட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பவர் இச்சரிவை உணரலாம்.

இதனால் மெல்லிய தகட்டுக்குத் தனிப்பட்ட ஒரு குணம் அமைகிறது. பாரத்தை மெல்ல ஏற்றும்போது வெடிப்புச் சிறிது நகர்ந்து நின்றுவிடும். மேலும் ஏற்றினால் மேலும் சிறிது நகர்ந்து நிற்கும். நகர நகர முனையைச் சூழ இளகிய வலயம் விரிவதால் எதிர்ப்பும் உயர்கிறது. எனவே இத்தகட்டின் எதிர்ப்பை ஒரே எண்ணாற் குறித்துவிட முடியாது. வெடிப்பு எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கிடையாகவும், ஒவ்வொரு நிலையிலும் தகடு காட்டிய எதிர்ப்பை நிலைக்குத்தாகவும் குறித்து ஒரு வளையி வரைதல் வேண்டும். அது தொடக்கத்தில் செங்குத்தாக எழும்; பின்னர் வரவரச் சாய்ந்து ஏறக்குறைய மட்டமாகும். இதற்கு எதிர்ப்பு வளையி என்று பெயர். ஏர்வினும் அவருடைய துறையினரும் 1960 ஐ அண்டிய ஆண்டுகளில் இக்கருத்தை வளர்த்தனர். 1970-களில் அமெரிக்காவில் இதனை அளப்பதற்குரிய நியமமுறை ஏற்படுத்தப்பட்டது.

அளக்கும் முறை பின்வருமாறு. அகன்ற தகடொன்றின் நடுவே மெல்லிய வாளினால் ஒரு பிளவு இடப்படும். வாளினால் இட்ட பிளவின் முனை மழுங்கியதாகையால், சிறு பாரத்தைப் பன்முறை ஏற்றி இறக்கி, முனையில் உண்மையான கூர்வெடிப்பு ஒன்றை வளரச் செய்வர். பின்னர்த் தகட்டின் இரு அந்தங்களையும் பொறியிற் பூட்டி மெதுவாக இழுப்பர். ஒவ்வொரு படியிலும் வெடிப்பு நகர்ந்து நிற்கும்வரை பொறுத்து, பாரத்தையும் நீளத்தையும் குறித்துக்கொள்வர். நீளத்தை நுணுக்குக்காட்டியினால் நேரே பார்க்கலாம். வெடிப்பின் வாய் எவ்வளவு விரிகிறது என்பதை நுண்ணிய மானியினால் அளந்து, அதிலிருந்து கணிக்கலாம். தகட்டினூடே மின்னைச் செலுத்தி, அழுத்த வேறுபாட்டின் மாற்றத்தினாலும் அறியலாம்.

இச்சோதனையில் இரண்டு இடர்கள் உண்டு. மெல்லிய தகட்டை இழுக்கும்போது வெடிப்பின் இரு கரைகளும் துணியின் கிழிசல்போல வெளியே உப்பிப் பிதுங்கும். அவ்வாறு பிதுங்கினால் தகடு தனக்குரிய எதிர்ப்பைக் காட்டாது. ஆதலின் இரு பக்கத்தும் வழுக்கும் பூச்சிட்ட வன்பலகைகளை அணைத்து, அது தளத்தை விட்டு விலகாமற் காப்பர். இரண்டாவது இடர் தகட்டின் அகலம் பற்றியது. தகடு குறுகியதாயின், வெடிப்புக்கு அப்பால் எஞ்சிய உலோகம் முழுவதுமே இளகிவிடும். அப்போது அளக்கப்படுவது வெடிப்பின் எதிர்ப்பு அன்று. உலோகத்தின் பொதுவான இளக்கமேயாம். இதனாலேயே, தடிப்பில் ஒரு மில்லிமீற்றரான தகட்டுக்கு ஒரு மீற்றர் அகலமுள்ள மாதிரிகூடத் தேவைப்படுவதுண்டு.

அளந்த வளையியைக்கொண்டு வருவதை உரைப்பது எங்ஙனம்? இதற்குக் கயிறிழுப்புப் போட்டி நல்ல உவமையாகும். ஒரு பக்கம் வெடிப்பை ஓட்டும் விசை. மறு பக்கம் தகட்டின் எதிர்ப்பு. வெடிப்பு நீள நீள இரண்டுமே வலுக்கின்றன. இரண்டும் சமமானவுடன் தோல்வி வந்துவிட்டது என்று கொள்ளலாகாது. வெடிப்புச் சிறிது நகரும்போது எதிர்ப்பு விரைவாக ஏறுமானால், தகடு பிடித்து நின்றுவிடும். எதிர்ப்பு ஏறும் வேகத்தினும் ஓட்டும் விசை ஏறும் வேகம் மிகும் இடத்திலேதான் போட்டி முடிகிறது. கடதாசியில் இரு வளையிகளையும் வரைந்தால், ஒன்றையொன்று வெட்டாமல் தொட்டுச் செல்லும் அப்புள்ளியே முடிவின் அடையாளம். குறித்த வெடிப்புடைய குறித்த தகடு எவ்வளவு பாரத்தில் கைவிடும் என்பதை அப்புள்ளி கூறும். ஒரே தடிப்புள்ள ஒரே உலோகத்துக்கு ஒருமுறை எதிர்ப்பு வளையியை அளந்து வைத்துக்கொண்டால், வேறு அகலமும் வேறு வெடிப்பும் உடைய தகடுகளைப் பற்றியும் உரைக்கலாம் என்பதே இதன் பெரும் பயன்.

இதுகாறும் கூறியது ஒருமுறை ஏற்றும் பாரத்தைப் பற்றியதாகும். பறப்புத்தோறும் ஏறி இறங்கும் சிறு பாரத்தைப் பற்றியும் அறியவேண்டும். அத்தகைய பாரம் ஒவ்வொரு முறையும் வெடிப்பை ஆயிரத்திலொரு மில்லிமீற்றர் அளவோ, அதனினும் குறைவோதான் நகர்த்தும். ஒவ்வொரு நகர்வும் உடைந்த பரப்பிலே ஒரு வரி எழுதிச் செல்கிறது. பனைமரத்தில் விழுந்த ஓலைகளின் வடு வளையம் வளையமாய்த் தெரிவதுபோல, நுணுக்குக்காட்டியில் அவ்வரிகள் தெரியும். எண்ணிப் பார்த்தால் வெடிப்பின் வயதைச் சொல்லலாம். போல் பாரிஸ் என்னும் அமெரிக்கர், ஒவ்வொரு சுற்றிலும் வெடிப்பு எவ்வளவு வளரும் என்பதை ஏர்வினின் தகைப்புச் செறிவுக் காரணியோடு இணைத்தார். முன்னணி ஆய்விதழ்கள் ஏற்க மறுத்த அவருடைய கட்டுரை 1961 இல் ஒரு பல்கலைக்கழகச் சஞ்சிகையில் வெளிவந்தது. அதன்படி, அக்காரணியின் வீச்சு ஓர் அடுக்காகப் பெருகி வளர்ச்சி வேகமாகிறது. அலுமினியக் கலப்புலோகங்களுக்கு அவ்வடுக்குப் பெரும்பாலும் மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்டது. நான்கு என்று கொண்டால், தகைப்பு ஐந்திலொரு பங்கு மாத்திரம் கூடினாலும் வெடிப்பின் வேகம் இரட்டிக்கும். சிறிய மிகையே ஆயுளைப் பாதியாக்கிவிடும் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விரு அறிவையும் சேர்த்தே விமானங்களைப் பரிசோதிக்கும் கால எல்லை வகுக்கப்படுகிறது. கண்ணுக்கோ கருவிக்கோ தென்படக்கூடிய மிகச் சிறிய வெடிப்பின் நீளம் ஒரு முனை. எதிர்ப்பு வளையி காட்டும் ஆபத்தான நீளம் மறு முனை. முதல் முனையிலிருந்து மறு முனைக்குச் செல்ல எத்தனை பறப்புத் தேவை என்பதைப் பாரிசின் விதி கூறும். அத்தொகையை இரண்டாகவோ மூன்றாகவோ பகுத்து, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பார்வையிடுவர். ஒருமுறை தவறினும் மறுமுறை அகப்படவேண்டும் என்பதே கருத்து. வெடிப்பே இல்லாத விமானம் என்று ஒன்றை எதிர்பார்ப்பதை விடுத்து, வெடிப்பு உண்டு என்றே கொண்டு, அது ஆபத்தாகுமுன் கண்டுபிடிப்பதே இன்றைய நெறியாகும். இந்தியாவில் 1959 இல் நிறுவப்பெற்றுப் பெங்களூரில் இயங்கும் தேசிய வான்வெளி ஆய்வுகூடங்களிலும் உலோகக் களைப்புப் பற்றிய சோதனைகள் நடைபெற்று வருகின்றன.

ஆயினும், கணக்குச் சரியாயிருந்தும் அதன் அடிப்படைக் கொள்கை தவறுமானால் என்ன நிகழும்? 1988 ஏப்ரல் 28 ஆம் நாள் ஹவாய்த் தீவுகளில் அதற்கு விடை கிடைத்தது. அலோகா நிறுவனத்தின் போயிங் 737 விமானமொன்று, தீவுக்குத் தீவு குறுகிய தூரம் பறந்து, 89,680 பறப்புகளைக் கடந்திருந்தது. ஒவ்வொரு பறப்பும் ஓர் அமுக்கச் சுற்று. உப்புக்காற்று இடையறாது வீசும் சூழலில், தோற்றகடுகளை ஒட்டிய பசை விட்டுப் போயிற்று; பாரம் முழுவதும் தறையாணித் துளைகளின் மேல் விழுந்தது. தனி வெடிப்பு ஒன்று ஓடினால் அது இடையிலுள்ள பட்டிகளிற் பட்டுத் திரும்பி நின்றுவிடும் என்பதே வடிவமைத்தோர் கொள்கை. அங்கேயோ ஒரே வரிசையில் துளைக்குத் துளை சிறு வெடிப்புகள் வளர்ந்திருந்தன. அவை ஒன்றோடொன்று கைகோத்தபோது, ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் நீளக் கூரை நடுவானிற் பறந்து போயிற்று. பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு இறந்தார். எஞ்சிய 94 பேரை விமானிகள் தரையிறக்கிக் காத்தனர். தனித்தனியே ஆபத்தற்ற வெடிப்புகள் கூடி நிற்கும்போது தகட்டின் எதிர்ப்பைப் பெரிதும் குறைத்துவிடும் என்பதை அதன்பின் உலகம் உணர்ந்தது. அமெரிக்காவில் பழைய விமானங்களின் தகடுகளைப் பற்றிய பெரிய ஆராய்ச்சிகள் தொடங்கின. வெடிப்பு ஓடும்போது அதன் முனையில் இரு கரைகளும் விரிந்து நிற்கும் கோணம் ஏறக்குறைய மாறாதிருக்கும் என்னும் உண்மையைக்கொண்டு, சிறு தகட்டின் சோதனையிலிருந்து பெருந் தகட்டின் நிலையைக் கணிக்கும் முறையும் அவ்வாராய்ச்சிகளில் வளர்ந்தது.

விமானத்துக்குரிய இவ்விஞ்ஞானம் வீட்டுக் கூரைக்கும் உரியதே. 1974 நத்தார் நாளன்று அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரை ஒரு சூறாவளி தாக்கியது. வீடுகளில் மிகப் பெரும்பாலானவை பாழாயின. அவற்றுள் பல, பொறியியலாளர் கணித்த வலிமைக்கு முன்னரே கூரையை இழந்தன. ஆராய்ந்தபோது, மணிக்கணக்காகக் குமுறிய காற்று மெல்லிய உருக்குத் தகடுகளைப் பன்முறை ஆட்டி, ஆணித் துளைகளில் களைப்பு வெடிப்புகளை உண்டாக்கியமை தெரியவந்தது. வெடித்த துளை விரிய, ஆணி மரத்திலேயே நிற்க, தகடு மாத்திரம் கழன்று பறந்தது. ஒரே தடவை இழுத்துப் பார்க்கும் சோதனை போதாது என்று கண்டு, கூரைத் தகடுகளை ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கிச் சோதிக்கும் விதி அங்கே பிறந்தது.

மன்னார்க் கரையும் சூறாவளியை அறியாத கரையன்று. 1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு எழுந்த பெரும் புயல் இலங்கையின் வடபாகத்தையும் தலைமன்னாரையும் தாக்கி, எதிர்க்கரையிலே தனுஷ்கோடியை அழித்துச் சென்றது. அத்தகைய காற்று மீண்டும் வருமா என்பதை மனிதர் தீர்மானிக்க இயலாது. கூரை எந்நிலையில் அதனை எதிர்கொள்ளும் என்பதைத் தீர்மானிக்கலாம். காற்றின் உறிஞ்சல் மிகுதியாயுள்ள இடங்கள் கூரையின் ஓரங்களும், முகடும், மூலைகளுமாகும். அங்கே ஆணிகள் நெருக்கமாய் அமைதல் வேண்டும். ஆணித் தலையின் கீழ் அகன்ற வட்டத் தகடு இட்டால் பாரம் பரவிச் சென்று துளை விளிம்பின் தகைப்புக் குறையும். வெடித்த துளையில் மேலும் பெரிய ஆணியை அடிப்பது வெடிப்பை அகற்றாது; அதற்கு வாய் திறந்து விடுவதாகும். தகரவேலை செய்வோர் வெடிப்பின் நுனியிலே ஒரு சிறு வட்டத் துளை இடுவதுண்டு. கூரிய முனையை அது மழுக்கிவிடுவதால் வெடிப்புச் சிறிது காலம் தடைப்படும். இங்கிலிஸ் கணித்துக் காட்டிய உண்மையைக் கைத்தொழிலாளர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆனால் அது காலத்தைப் பெற்றுத்தரும் உபாயமேயன்றி முடிந்த பரிகாரமன்று. ஒரே வரிசையில் பல துளைகள் வெடித்திருக்குமானால் அத்தகட்டை மாற்றிவிடுவதே அறிவுடைமை. உப்புக்காற்று நாகப்பூச்சைத் தின்று தீர்த்த தகரம் மேலும் மெலிந்திருப்பதால், கடற்கரையோர் இதனை ஆண்டுதோறும், மாரிக்கு முன்னர், கூரைமேல் ஏறிப் பார்ப்பது நன்று.

அலோகா விமானத்தைப் பற்றிய விசாரணை அறிக்கையிலே ஒரு சிறு செய்தி பதிந்திருக்கிறது. அன்று விமானத்தில் ஏறிய பயணி ஒருத்தி, வாயிலருகே தோலில் ஒரு வெடிப்பைக் கண்டாள். எவரிடமும் அவள் சொல்லவில்லை. அவள்மேற் குற்றம் கூறுதல் தகாது; அத்தனை பெரிய பொறியின் காவலர்க்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியுமென்று எந்தச் சாதாரண மனிதர் துணிவர்? நுணுக்குக்காட்டியும் கணக்கும் வளையியும் ஆய்வுச்சாலையில் உள்ளன. ஆனால் வெடிப்பு இருக்குமிடம் ஆய்வுச்சாலை அன்று. மக்கள் ஏறும் படியருகே, உறங்கும் கூரையின் கீழே, தொழில் செய்யும் வாடியிலே அது இருக்கிறது. அதனை முதலில் காணக்கூடியவரும் அவ்விடத்து மக்களே. கண்டதைக் கண்டவுடன் உரியவரிடம் சொல்லுதல், எந்த விஞ்ஞானமும் தன் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டிய முதலாவது பாதுகாப்பாகும்.